கிரீஸ் பொட்டு

படம் வீட்டுக்குள் வந்த நேரத்திலிருந்து சத்யப்பிரியாவால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. சமையலறைக்குப் போனாள். எதற்கு வந்தோம் என்று நினைவில்லாமல், கழுவி வைத்த டம்ளர்களையே மறுபடி எடுத்துக் கழுவினாள். வாசலுக்கு வந்தாள். தெருவில் பந்தல்காரர்கள் கம்பு நட்டுக்கொண்டிருந்தார்கள். குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்று அவர்களிடம் இரண்டாம் முறையாகக் கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் உள்ளே திரும்பினாள்.

நாளைக் காலை அம்மாவுக்குக் காரியம். சடங்கு முடிந்து சொந்தபந்தம் பந்தியில் உட்காருவதற்கு முன்னால் படத்திறப்பு. மேலே போர்த்திய துணியை விலக்கியதும் எல்லோரும் பார்க்கப்போகிற முகம், அதற்குப் பிறகு வடக்குத்து ஊரில் இருக்கும் இந்த வீட்டுக் கூடத்தில் என்றைக்கும் மாட்டியிருக்கப்போகிற முகம், இப்போது கட்டில்மேல் சுவரில் சாய்ந்திருந்தது. அம்மாவின் சாயல் அதில் அப்படியே இருந்தது. ஆனாலும் யாரோ வேற்று வீட்டுப் பெண்ணைக் கொண்டுவந்து உட்கார வைத்ததுபோல் இருந்தது.

ஸ்டுடியோக்காரர் புடவையை மாற்றியிருந்தார். கத்தரிப்பூ நிறத்தில் பட்டு, அகலச் சரிகை. கழுத்தில் அம்மா வாழ்நாளில் போட்டிராத ஓர் ஆரம். அதையெல்லாம் சத்யா எதிர்பார்த்துத்தான் இருந்தாள். செத்தவர்களுக்கு எல்லா ஸ்டுடியோவிலும் பட்டு கட்டித்தான் அனுப்புகிறார்கள். அம்மா பார்த்திருந்தால், "யாருடி இவ, இம்மாம் வசதிக்காரி?" என்று சிரித்திருப்பாள். உறுத்தியது அது இல்லை. எது என்று சத்யாவுக்குப் பிடிபடவில்லை.

கல்லூரியில் படிக்கும் மகள் இசைப்பிரியாதான் படத்தின் முன்னால் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"அம்மா, ஆயாவுக்குப் பொட்டக் காணோம்."

அதுதான். நெற்றி வழித்துவிட்ட தரைபோல வெறுமையாக இருந்தது.

ஸ்டுடியோவுக்குக் கொடுத்த மூலப்படம் அலமாரியில் இருந்தது. அம்மா ஓய்வு பெற்ற அன்று சுரங்க ஒர்க்ஷாப்பில் எல்லோருமாக நின்று எடுத்தது. பத்திருபது ஆண்களுக்கு நடுவே அம்மா தமயந்தி, நீலக் கோட்டும், கக்கத்தில் இடுக்கிய மஞ்சள் ஹெல்மெட்டும், இரு புருவத்துக்கு நடுவில் மிளகளவு கறுப்புப் பொட்டுமாக நிற்கிறாள். அம்மா தனியாக எடுத்துக்கொண்ட நல்ல படம் ஒன்றுகூட இல்லை.

"நான் ஒண்ணும் சொல்லல சத்யா," என்றான் கணவன் சுதாகர். படத்தை வாங்கி வந்தவன் அவன்தான். "குடுக்கப் போனப்ப ஒங்க பெரியப்பா கூட வந்தாரு. ஸ்டுடியோக்காரர்கிட்ட அவருதான் தனியா பேசினாரு."

பெரியப்பா வைத்திலிங்கம், அப்பாவின் அண்ணன், பந்தலடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து சமையல்காரரிடம் பூசணிக்காயைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். நாளைய காரியத்தை முன்நின்று செய்பவர் அவர். அவர் முகம் சுளித்தால் குள்ளஞ்சாவடிப் பக்கத்துச் சொந்தம் முழுக்க முகம் சுளிக்கும்.

"பொட்ட எடுக்கச் சொன்னது நீங்களா பெரியப்பா?"

"ஆமாம்மா. நான்தான் சொன்னன்." அவர் மறைக்கவில்லை.

"எதுக்கு?"

"எதுக்குன்னா? நாளைக்கு ஊர்லேருந்து ஒரு வேன் நெறைய சனம் வருது. புருசன் இல்லாதவ படத்துல பொட்டுன்னா, எல விழறதுக்குள்ள வாயத் தொறப்பாங்க. உசுரோட இருந்தப்ப அவளே பதில் சொல்லிகினா. இப்ப யாரு சொல்றது? படமா சொல்லும்?"

"நான் சொல்றன்."

"நீ ரெண்டு நாள்ல பாண்டிச்சேரி பஸ் ஏறிடுவ. இங்க கெடக்கறவன் நானு."

உள்ளேயிருந்து பெரியம்மா வள்ளியம்மாள், உரித்த வெங்காயமும் கையுமாக வந்து நின்றாள். "இத்தினி வருசம் அவ நெத்தியப் பாத்துகினுதான இருந்தீங்க. இப்பத்தான் கண்ணு கூசுதா?"

"நீ உள்ள போ. அந்தப் பொட்டுக்காக நான் எத்தினி வாய்க்கு பதில் சொன்னன்னு ஒனக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது." பெரியப்பா சமையல்காரர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சத்யா ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள். இசை கேட்காமலே பின்னால் ஏறிக்கொண்டாள்.

பெரிய சாலையைக் கடந்து சுரங்கக் கம்பெனி டவுன்ஷிப்புக்குள் நுழைந்ததும் மரநிழல் விழுந்தது. ஒரே மாதிரியான குவார்ட்டர்ஸ்கள், ஒரே மாதிரியான வேலி, ஒரே மாதிரியான தெருக்கள். அதில் ஒன்றில்தான் சத்யா வளர்ந்தாள். எந்தத் தெருமுனை வந்தாலும் அம்மா சைக்கிளில் எதிரே வருவாள்போல் இருந்தது. வண்டியை அவள் வேகமாகத்தான் ஓட்டினாள்.

அப்பா தனகோடி ஒர்க்ஷாப்பில் ஃபிட்டராக இருந்தவர். சத்யா ஒன்றாம் வகுப்புப் படிக்கும்போது மஞ்சள் காமாலையில் போய்விட்டார். திருவதிகையில் பிறந்து, பத்தாவது முடித்து, கல்யாணமாகி வந்த தமயந்திக்கு அப்போது முப்பதுகூட ஆகவில்லை. வாரிசு வேலைக்கு மனு எழுதி, அவளைக் கூட்டிக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாக ஏறியவர் இதே பெரியப்பாதான். "வூட்டுல மொடங்கிக் கெடந்தா கொழந்தைக்கு யாரு சோறு போடறது?" என்று தன் அம்மாவோடு சண்டை போட்டவரும் அவர்தான்.

முதலில் டூல் ரூமில் ஹெல்பர். தலைக்கு மேலே, கூரையை ஒட்டி ஓடும் தண்டவாளத்தில் பெரிய கிரேன் நகர்வதை அம்மா தினம் அண்ணாந்து பார்த்தாள். சுரங்கத்திலிருந்து பழுதாகி வரும் கியர்பாக்ஸ்களையும், லாரி அளவு இரும்புச் சட்டங்களையும் அது பூனைக்குட்டியைக் கவ்வுவதுபோலத் தூக்கிப்போய் வைக்கும். ஆபரேட்டர் ஒருவர் ஓய்வு பெற்றபோது, "நான் கத்துக்கிறன் சார்" என்று அவளே போய்க் கேட்டாள். சிரித்தார்கள். மறுபடி போய்க் கேட்டாள். சரி, ஏணி ஏறியதும் தலை சுற்றி இறங்கிவிடுவாள் என்று விட்டார்கள். தலை சுற்றத்தான் சுற்றியது. அவள் இறங்கவில்லை.

கிரேன் ஓட்டுகிறவருக்குக் கீழே நடப்பது எதுவும் காதில் விழாது. கீழே நின்று சரக்கைக் கொக்கியில் மாட்டிவிடுகிற ரிக்கர் கையால் காட்டுவதுதான் பேச்சு. ஆள்காட்டி விரலை மேலே நீட்டிச் சுழற்றினால் தூக்கு. கீழே காட்டிச் சுழற்றினால் இறக்கு. ஆள்காட்டி விரலும் கட்டைவிரலும் சேர்ந்து கிள்ளுவதுபோல் திறந்து மூடினால், இம்மியளவு. உள்ளங்கை விரிந்தால் நிறுத்து. அம்மாவுக்கு வாய்த்த ரிக்கர் மருதாசலம், கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். முதல் நாள் அவர், "ஏனுங் அம்மணி, இது ஊஞ்சலுன்னு நெனச்சு ஏறிப்போட்டீங்களா?" என்று கேட்டார். பிறகு அவரே, அம்மணி லீவென்றால் பெரிய உருப்படி எதையும் தூக்க ஒத்துக்கொள்ள மாட்டார்.

அந்தக் கைப்பேச்சு வீட்டுக்கும் வந்துவிட்டது. பந்தியில் சத்யா இரண்டாவது ஜாங்கிரிக்குக் கை நீட்டினால், எதிர்வரிசையிலிருந்து அம்மாவின் உள்ளங்கை விரியும். ரேடியோ சத்தம் குறைய வேண்டுமென்றால் விரல் கீழ்நோக்கிச் சுழலும். சத்யாவைப் பெண் பார்க்க வந்த அன்று, காபித் தட்டை எடுத்துக்கொண்டு அவள் பரபரவென்று நடக்க, கதவோரம் நின்ற அம்மாவின் இரண்டு விரல்கள் இம்மியளவு, இம்மியளவு என்று திறந்து மூடின. சத்யாவுக்குச் சிரிப்பு வந்து காபி தட்டில் சிந்தியது. அதைப் பார்த்துத்தான் தனக்குப் பிடித்துப்போனது என்று சுதாகர் இன்றைக்கும் சொல்வான். இசைக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்ததும் அப்படித்தான். ஆயா தெருமுனையில் ஹெல்மெட் போட்டுக்கொண்டு நின்று, பேரப்பிள்ளையைக் கியர்பாக்ஸ்போலக் கைகாட்டிக் கொண்டுவந்து சேர்த்தாள்.

பொட்டு வந்த கதை, கிரேனில் ஏறிய முதல் வருடத்தில் நடந்தது. ஒரு சாயங்காலம் அம்மா வேலை முடிந்து வந்தபோது, ஊரிலிருந்து அப்பாவின் அம்மா பெரியநாயகி வந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். மருமகளை நிமிர்ந்து பார்த்தவள் நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

"அடிப்பாவி, எம்புள்ள போயி அஞ்சு வருசங்கூட ஆவல. நெத்திக்கு பொட்டு கேக்குதா ஒனக்கு?"

அம்மா நெற்றியைத் தொட்டாள். விரலில் கறுப்பாக ஒட்டியது. வியர்வையைத் துடைத்தபோது பட்டிருக்க வேண்டும். "பொட்டு இல்ல அத்த. கிரீசு."

"கிரீசாம் கிரீசு! நெத்தி நடுவுல பாத்து வந்து குந்திகினு இருக்குதா கிரீசு?"

மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்துக் காட்டியும் கிழவி நம்பவில்லை. இரவு முழுக்கப் புலம்பினாள். மறுநாள் அம்மா வேலை முடிந்து நேரே பஜாருக்குப் போய் ஓர் அட்டை ஸ்டிக்கர் பொட்டு வாங்கி வந்து, மாமியார் கண்ணெதிரே ஒன்றைப் பிய்த்து ஒட்டிக்கொண்டாள்.

"செய்யாத குத்தத்துக்கே இம்மாம் திட்டு. இனிமே வெச்சிகினே வாங்கிக்கிறன், திட்டறதுக்கு ஒங்களுக்கும் வசதியா இருக்கும்."

கிழவி அன்றே பஸ் ஏறிவிட்டாள். வெகுநாள் பேச்சில்லை. ஆனால் கடைசிக் காலத்தில் கால் விழுந்து படுத்தபோது அவள் வந்து சேர்ந்தது அம்மாவின் குவார்ட்டர்ஸுக்குத்தான். காலையில் அம்மா டிபன் பாக்ஸோடு செருப்பு மாட்டும்போது படுக்கையிலிருந்து குரல் வரும்: "நெத்தி மொட்டையா இருக்குது பாரு. இப்பிடியேவா போவ? பொட்ட வெச்சிகினு போ."

மெயின் பஜாரில் ஸ்டுடியோ திறந்திருந்தது. கவுண்டரில் தனம் என்ற பெண் மட்டும் இருந்தாள். சத்யா சொன்னதைக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினாள்.

"அண்ணன் நெல்லிக்குப்பத்துல கல்யாண ஆர்டருக்குப் போயிருக்காருக்கா. ஃபைலு அவரு லேப்டாப்லதான் இருக்குது. திருத்தினாலும் பிரிண்ட் கடலூர் லேப்லேருந்துதான் வரணும். நாளன்னிக்கு சாயங்காலம் தரலாம்."

"காரியம் நாளைக்கு."

"தெரியும்க்கா." அந்தப் பெண் சற்றுத் தயங்கினாள். "பொட்ட அழிக்கிறப்ப நானே கேட்டன், நல்லாத்தான இருக்குதுன்னு. பெரியவரு, வேணாம்மா, ஊர் வாயி பொல்லாததுன்னாரு. சொல்லும்போது அவரு கண்ணு கலங்கிச்சுக்கா."

அதைக் கேட்டும் சத்யாவுக்குக் கோபம் குறையவில்லை. அந்தக் கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் போனது, அவ்வளவுதான். திரும்பும் வழியில் நேரே வீட்டுக்குப் போகாமல் ஒர்க்ஷாப் போகும் சாலைவரை ஓட்டினாள். அங்கே நிற்கவும் பிடிக்காமல் திருப்பினாள். ஓய்வு பெற்று வடக்குத்து வீட்டுக்கு வந்த பிறகு அம்மாவும் இப்படித்தான் இருந்தாள். காலையில் குளித்து, பொட்டு வைத்து, புடவைக்குப் பின் குத்திக்கொண்டு, பிறகு எங்கே போவதென்று தெரியாமல் பஸ் நிறுத்தம்வரை போய், அங்கே நிற்கும் யாரிடமாவது பேசிவிட்டுத் திரும்புவாள். அப்படி ஓயாமல் இருந்தவள் ஒரு மதியம் படுத்தாள், எழுந்திருக்கவில்லை. குளிப்பாட்டி எடுத்துவந்து கிடத்தியபோது நெற்றியில் விபூதிதான் இருந்தது. பொட்டு எங்கே என்று அன்றைக்குச் சத்யாவுக்குக் கேட்கத் தோன்றவில்லை. இன்றைக்கு அவளை வண்டியில் வைத்து ஊரைச் சுற்ற விடுவது அந்தக் கேட்காத கேள்வியாகவும் இருக்கலாம்.

"அம்மா," என்றாள் பின்னாலிருந்த இசை, "ஆயா பொட்டு வூட்டுலயே இருக்குது."

அம்மா அந்த மஞ்சள் ஹெல்மெட்டைச் சமையலறைக் கொக்கியில் தலைகீழாகத் தொங்கவிட்டு, பூண்டு போட்டு வைத்திருந்தாள். இசை பூண்டை முறத்தில் கொட்டினாள். ஹெல்மெட்டின் உள்பக்கம், நெற்றி படும் பட்டைக்கு மேலே, வரிசை தப்பிய கறுப்புப் புள்ளிகள். மேலே கிரேன் கேபினில் வெக்கை தாங்காது. வியர்வையில் பொட்டு உதிர்ந்துவிடும். அதற்காக அம்மா உபரிப் பொட்டுகளை அங்கே ஒட்டி வைத்திருப்பாள். சைக்கிள் கற்ற நாட்களில் இசை அதைப் பார்த்திருக்கிறாள்.

நகத்தால் சுரண்டி ஒன்றை எடுத்தார்கள். பின்பக்கப் பசை காய்ந்து போயிருந்தது. வள்ளியம்மாள் எட்டிப் பார்த்துவிட்டு, சோற்றுப்பானையைத் திறந்து, பசைக்கு ஒரு பருக்கையை எடுத்து நீட்டினாள்.

கூடத்தில் சுதாகர் ஏற்கெனவே ஆணி அடித்துப் படத்தை மாட்டியிருந்தான். நாளை அவசரத்தில் மாட்ட முடியாது, துணி மட்டும் போர்த்தினால் போதும் என்று. பெரியப்பா வெயில் தாங்காமல் பந்தலை விட்டு உள்ளே வந்து ஓரமாகச் சுவரை ஒட்டிய நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சத்யா ஏணியை இழுத்து வைத்தபோது அவர் பார்த்தார். அவள் விரல் நுனியில் இருந்ததையும் பார்த்தார்.

அவள் ஏறினாள். கை பட்டதும் படம் பக்கவாட்டில் ஆட ஆரம்பித்தது. இழுத்துப் பிடித்தாள், விட்டதும் இன்னும் ஆடியது. தூக்கிய சரக்கு ஆடினால் அம்மா அதை நிறுத்த இழுக்க மாட்டாள். அது ஆடுகிற பக்கமே கிரேனையும் ஒரு பிடி நகர்த்துவாள். சரக்கு தானாக அடங்கிவிடும். சத்யா சட்டத்தைப் பிடிக்காமல், அது போகும் பக்கமே கையை வைத்துக் கூடவே போனாள். படம் நின்றது.

கிட்டத்தில் முகமே தெரியவில்லை. புள்ளி புள்ளியாக நிறம்தான் தெரிந்தது. நெற்றி எங்கே முடிகிறது, புருவம் எங்கே தொடங்குகிறது என்று விளங்கவில்லை. திரும்பிப் பார்த்தாள். கூடத்தின் நடுவே இசை கால்களை அகட்டி நின்று, கையை உயர்த்தியிருந்தாள். ஆயா தெருமுனையில் நின்ற அதே நிற்பு.

விரல் கீழ்நோக்கிச் சுழன்றது. சத்யா பொட்டைக் கண்ணாடிமேல் கீழே நகர்த்தினாள். விரல் இடப்பக்கம் காட்டியது. நகர்த்தினாள். இரண்டு விரல் கிள்ளிக் கிள்ளித் திறந்தது. இம்மியளவு. இன்னும் இம்மியளவு. உள்ளங்கை விரிந்தது. சத்யா பருக்கை நசுங்க அழுத்தினாள்.

"கோணலா இருக்குது," என்றார் பெரியப்பா.

சுதாகர் தரையைப் பார்த்தான்.

"புருவத்து மேல போயி ஒக்காந்திருக்குது. இத்த வெச்சி நாளைக்கு படத்தத் தொறந்தா பொட்டுன்னு சொல்ல மாட்டாங்க, என்னமோ ஒட்டிகினு இருக்குதும்பாங்க."

சத்யாவுக்கு முதலில் சுருக்கென்றது. பிறகுதான் புரிந்தது. அது புது மாதிரிச் சட்டம். கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே விரல் கனத்துக்கு இடைவெளி விட்டிருந்தார்கள். ஓரத்திலிருந்து பார்த்தால் கண்ணாடிமேல் இருக்கும் பொட்டு நெற்றியை விட்டுத் தள்ளித்தான் தெரியும்.

"பெரியப்பா, அங்கேருந்து பாத்தா அப்பிடித்தான் தெரியும். நேரா வந்து நின்னு பாருங்க."

அவர் வேட்டியை ஒதுக்கிக்கொண்டு, முழங்காலில் கை ஊன்றி எழுந்து, கூடத்தின் நடுவுக்கு வந்தார். இசை நகர்ந்து இடம் விட்டாள். அவர் தலையை நிமிர்த்திப் பார்த்தார். தம்பி மனைவியை அத்தனை வருடமும் அவர் நேருக்கு நேர் நின்று பார்த்துப் பேசியதில்லை. அந்தக் குடும்பத்தில் அது வழக்கமும் இல்லை. இப்போது வெகு நேரம் பார்த்தார். அடுப்பில் எதுவோ பொங்கி வழியும் சத்தம் கேட்டது. வள்ளியம்மாள்கூட அதைப் பார்க்கப் போகவில்லை.

"நேரா இருக்குதா?" என்று கேட்டாள் சத்யா.

"எறங்காத," என்றார்.

சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். அந்தக் கைப்பேச்சு அவருக்கும் தெரியும் என்பது அந்தக் குடும்பத்தில் யாருக்கும் நினைவில் இருக்கவில்லை. அவருடைய வலது கை மெல்ல மேலே வந்தது. இரண்டு விரல்களும் கிள்ளுவதுபோல் திறந்து, மூடி, மறுபடி திறந்தன.

"கொஞ்சம் கீழ வரணும்மா. ஒங்கம்மா இம்மாம் மேல வெக்க மாட்டா."

காயாத பருக்கைமேல் பொட்டு வழுக்கிக்கொண்டு நகர்ந்தது. சத்யா படத்தைப் பார்க்கவில்லை. தோளுக்கு மேலாகத் திரும்பி, அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள், அது விரிகிறவரைக்கும்.